கணக்கில் வராத ஏழு பங்கு

தோட்டத்தில் பால் நிறுக்கையில் கணக்குக் குறைந்தால் சும்மா இருப்போமா? ஜெர்மனியின் பிரைபெர்க் நகரில் கிளெமென்ஸ் விங்க்ளர் என்ற வேதியியலாரும் சும்மா இருக்கவில்லை. வெள்ளித் தாது ஒன்றைப் பிரித்து நிறுத்தார். நூற்றில் சுமார் 7 பங்கு குறைந்தது. விடாமல் தேடி, 1886ஆம் ஆண்டில் புதிய தனிமம் ஒன்றைக் கண்டார். தாய்நாட்டின் பெயரால் அதை ‘ஜெர்மானியம்’ என்றார். 1871இலேயே மெண்டலீவ் முன்னறிவித்த தனிமம் அது.

ஜெர்மானியத்தின் ஊடே நம் கண் பார்க்காது. ஆனால் உடற்சூட்டிலிருந்து எழும் அகச்சிவப்புக் கதிர் ஊடுருவிச் செல்லும். சாதாரணக் கண்ணாடியோ அதைத் தடுத்துவிடும். ஆகவே வெப்பப் படக் கருவிகளின் வில்லைகளை ஜெர்மானியத்தால் செய்கிறார்கள். 2020இல் கொரோனா பரவியபோது, சிப்பாங் விமான நிலையத்தில் காய்ச்சல்காரரைத் தொடாமலே அறிய வெப்பப் படக் கருவிகளே உதவின.

துத்தநாகத் தாதுவிலிருந்தும் நிலக்கரிச் சாம்பலிலிருந்தும் எடுக்கப்படும் இப்பொருளின் ஏற்றுமதிக்குச் சீனா 2023இல் கட்டுப்பாடு விதித்தது; விலை ஏறியது. குறைந்த கணக்கை ஒருவர் விடாமல் தேடியதால் கிடைத்த செல்வம் அது!