பாட்டு முந்தியது, பந்தி பிந்தியது

தமிழ்ப் புராட்டஸ்டண்டு சபைகளில் புழங்கும் கீர்த்தனைப் புத்தகத்தைப் புரட்டினால் பாட்டுக்குப் பாட்டு மேலே ராகமும் தாளமும் அச்சாகியிருக்கும். கீழே பல்லவி, அனுபல்லவி, சரணங்கள். அவற்றில் திரும்பத் திரும்ப வரும் பொருள் ஒன்றுதான்: தகுதியில்லாத என்னைத் தள்ளிவிடாமல் மன்னித்தாயே, அதற்கு நான் என்ன கைம்மாறு செய்வேன் என்ற நன்றி. இந்த நன்றி தமிழில் வெகு சீக்கிரம் பாட்டாகிவிட்டது. ஆனால் மன்னிக்கப்பட்டவர்கள் எல்லோரும் ஒரே பாயில் உட்கார்ந்து ஒரே பந்தியில் சாப்பிட வேண்டும் என்ற அதன் அடுத்த படி மிகவும் பிந்தித்தான் வந்தது. முந்தியதற்கும் பிந்தியதற்கும் காரணம் தேடிப் போனால் இரண்டு வழிகளும் ஒரே மனிதரிடம் கொண்டுவிடுகின்றன. அவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார்.

1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய மிஷனரி சீகன்பால்குவும் அவருக்குப் பின் வந்த ஜெர்மானியரும் தங்கள் ஊர் ஞானப்பாட்டுகளைத் தமிழாக்கிப் பாட வைத்தார்கள். சொல் தமிழ், மெட்டு ஜெர்மனி. அந்த மெட்டு நீளும் இடத்தில் குறில் நெடிலாக இழுபடும். அது சுருங்கும் இடத்தில் நெடில் நசுங்கும். பொருளைக் காதில் வாங்குவதற்குள் அடி முடிந்துவிடும். புத்தகம் கையில் இல்லாதவருக்கும் எழுத்து தெரியாதவருக்கும் அங்கே அதிக வேலையில்லை. கீர்த்தனை அப்படியல்ல. முன்னே பாடுபவர் ஒரு சரணத்தை விரித்துப் பாடலாம். கூட்டத்துக்குப் பல்லவி மட்டும் தெரிந்தால் போதும். ஒவ்வொரு சரணமும் முடிந்து பல்லவிக்குத் திரும்பும்போது நன்றி சொல்லும் வேலை மறுபடி கூட்டத்தின் கைக்கு வந்துவிடும். படிக்கத் தெரியாத ஒரு சபை தன் விசுவாசத்தை மனப்பாடமாக வைத்துக்கொள்ள இதைவிடத் தோதான வடிவம் கிடையாது.

1774இல் பாளையங்கோட்டையில் பிறந்த சாஸ்திரியாரைச் சிறுவயதிலேயே தஞ்சைக்கு அழைத்துப்போய்ப் படிக்க வைத்தவர் ஜெர்மன் மிஷனரி சுவார்ட்ஸ். அதே சுவார்ட்ஸின் மேற்பார்வையில் வளர்ந்த சரபோஜி பின்னாளில் தஞ்சை மன்னரானதும் இவரை ஆதரித்தார். அரண்மனைத் தஞ்சையின் இசையும் நாடகமும் சாஸ்திரியாருக்குக் கைவசமாயின. குறவஞ்சியை எடுத்துப் பெத்லகேம் குறவஞ்சி ஆக்கினார்; கீர்த்தனையை எடுத்துக் கெத்செமனேயையும் கல்வாரியையும் பாடினார்.

இங்கே ஒரு ஆட்சேபம் எழுவது நியாயம். தன்னை நாய்க்கும் கீழாக வைத்துப் பேசி இறைவனின் கருணைக்கு உருகுவது திருவாசகத்திலேயே இருக்கிறதே, சாஸ்திரியார் பெயரை மட்டும் மாற்றிப் பாடினார் என்று சொல்லலாமே என்று சிலர் கேட்பார்கள். உருக்கத்தின் மொழி பக்தி இலக்கியம் பழக்கிவைத்தது என்பதை மறுக்க வேண்டியதில்லை. அது தயாராக இருந்ததால்தான் இந்த நன்றி அவ்வளவு விரைவாகப் பாட்டாயிற்று. ஆனால் இந்தப் பாடல்களில் மன்னிப்புக்கு ஒரு கணக்கு இருக்கிறது. கடன் ஒன்று இருந்தது, அதை இன்னொருவர் சிலுவையில் தீர்த்தார், அது குறிப்பிட்ட ஊரில் குறிப்பிட்ட ஆட்சியின் கீழ் நடந்தது என்பதே அவற்றின் அடித்தளம். அடுத்த சிக்கலும் இங்கிருந்துதான் வருகிறது. கடன் எல்லோருக்கும் ஒன்று, தீர்த்தவரும் ஒருவர் என்றால், தீர்க்கப்பட்டவர்களுக்குள் மேல் கீழ் எங்கிருந்து வரும்?

தரங்கம்பாடியில் 1718இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்தில் சாதிவாரியாகப் பிரிந்துதான் உட்கார்ந்தார்கள். நற்கருணையை வாங்குவதிலும் முன் பின் வரிசை இருந்தது. மிஷனரிகள் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு இதைப் பொறுத்துக்கொண்டார்கள், சுவார்ட்ஸும் விதிவிலக்கல்ல. அடுத்த தலைமுறை மிஷனரிகள் இதை ஒழிக்க முனைந்தபோது சாஸ்திரியார் எதிர்த்து நின்றார். சாதியைத் திருத்த முயல்வது பைத்தியக்காரத்தனம் என்று 1829இல் தனி நூலே எழுதினார். 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேற்றுமை அறவே கூடாது என்று சுற்றறிக்கை விட்டார். தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் சபையை விட்டே விலகினார்கள். பதினாயிரம் தாலந்து கடன் மன்னிக்கப்பட்டவன் வெளியே வந்து நூறு வெள்ளிப்பணத்துக்காக உடன்வேலைக்காரனின் கழுத்தைப் பிடித்த உவமையை இவர்கள் அறியாதவர்களல்ல.

அந்தக் காலத்து மனிதரை இந்தக் காலத்து அளவுகோலால் அளக்கலாமா என்பது வழக்கமான சமாதானம். இது இங்கே செல்லாது. அளவுகோல் அந்தக் காலத்திலேயே அவர் முன் நீட்டப்பட்டது. அவர் அதை மறுத்து எழுதினார். அவருக்காகச் சொல்லக்கூடிய நியாயம் வேறொன்று உண்டு. புதிய மிஷனரிகள் சாதியை மட்டும் எதிர்க்கவில்லை. பண்டிகை நாளில் ஆலயத்துக்குப் பூ கட்டுவது, ஆராதனையில் தமிழ் இசை பாடுவது, பழகிய வேதாகம மொழிபெயர்ப்பு ஆகியவற்றின் மீதும் கை வைத்தார்கள். எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி இது அஞ்ஞானம் என்றார்கள். சாஸ்திரியாரும் அதே மூட்டையைப் பிரிக்காமல் அப்படியே தூக்கிக்கொண்டு இது எங்கள் வழக்கம் என்றார். பூவும் பாட்டும் காக்கப்பட வேண்டியவை, தனிப்பாய் அல்ல என்று பிரித்துச் சொல்ல இரு தரப்பிலும் ஆளில்லை. என் கணிப்பில் பந்தி பிந்தியதற்கு இதுவே பெரிய காரணம். சாதிப் பற்று இதற்கு முன்பே இருந்தது. அது பாட்டின் மறைவில் நின்று வாதாடும் வசதியை இந்தக் குழப்பம்தான் கொடுத்தது.

மூட்டை பிரிந்த இடம் மதுரை. அங்கிருந்த அமெரிக்க மிஷன் சாதி விஷயத்தில் மற்றவர்களைவிடக் கறாரானது. 1847இல் அது சேர்ந்து உண்பதையே சோதனையாக வைத்தது: யார் சமைத்தாலும் யார் பக்கத்தில் இருந்தாலும் சாப்பிடத் தயாரில்லாதவருக்குச் சபையில் இடமில்லை. 1850இல் சென்னை மிஷனரி மாநாடும் ஏறக்குறைய இதே நிலையை எடுத்தது. அதே மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப்தான் ஐரோப்பிய மெட்டு கிராமங்களில் எடுபடவில்லை என்று கண்டு, தமிழ்க் கீர்த்தனைகளைத் திரட்டி 1853இல் புத்தகமாக அச்சிட்டார். அதில் முக்கிய இடம் பெற்றவை சாஸ்திரியாரின் பாடல்கள். பந்தியில் எல்லோரையும் ஒன்றாக உட்கார வைக்கப் போராடியவர்கள், அதை எதிர்த்தவரின் பாட்டை அந்தப் பந்தியாருக்கே கொடுத்தார்கள். தான் பக்கத்தில் உட்கார மறுத்த மக்களின் வாயில் தன் நன்றியுரை ஏறியபோது சாஸ்திரியார் உயிரோடு இருந்தார், 1864இல்தான் காலமானார். பாட்டு எழுதியவரின் நிலைப்பாட்டால் பாட்டும் கெட்டுப்போகும் என்பாருக்கு இந்தப் புத்தகமே பதில். பல்லவி கூட்டத்தின் கைக்குப் போய்விட்டால் அது யாருடைய நன்றி என்பதைக் கூட்டம்தான் தீர்மானிக்கிறது.

ஆனால் இந்தப் பதில் முழுமையானதல்ல என்று மதுரையிலேயே ஒருவர் வாதிட்டார். தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த தியோபிலஸ் அப்பாவு கர்நாடக ராகமே மேல்சாதியின் அழகு, ஒடுக்கப்பட்டவன் தன் விடுதலைக்கு அந்தக் குரலில் ஏன் நன்றி சொல்ல வேண்டும் என்று கேட்டார். கிராமத்து மெட்டில், பேச்சுத் தமிழில், பறை ஒலிக்கப் பாட்டுகள் கட்டினார். சாஸ்திரியார் பிரித்து வைத்த பாட்டையும் பந்தியையும் அவர் சேர்த்தே கேட்டார். ஊரார் எல்லோருடைய சோறும் ஒரே உலையில் வேக வேண்டும், அப்படிச் சேர்ந்து உண்பதே நற்கருணையின் பொருள் என்பது அவர் பாடியும் கற்பித்தும் வந்த கொள்கை. அவர் 2005இல் மறைந்தார். சபைகள் அவர் பாட்டை எடுத்துக்கொண்டன, கீர்த்தனைப் புத்தகத்தையும் விடவில்லை. கல்லறைத் தோட்டங்கள் பல ஊர்களில் இன்னும் சாதிக்கொன்றாகத்தான் இருக்கின்றன.