மெஹ்சூத் மலையின் வானம்

தெற்கு வஜீரிஸ்தானின் மெஹ்சூத் பழங்குடியினர் மீது பிரிட்டிஷ் விமானப்படை குண்டு வீசத் தொடங்கிய நாள் 1925 மார்ச் 9. அதற்கு முன்பும் அந்த மலைகளில் குண்டுகள் விழுந்ததுண்டு. அப்போதெல்லாம் தரைப்படை முன்னே போகும், விமானம் துணைக்குப் போகும். இந்த முறை தரைப்படை பாசறையை விட்டுக் கிளம்பவே இல்லை. விங் கமாண்டர் ரிச்சர்ட் பிங்க் என்பவரின் பொறுப்பில், மிரான்ஷாவிலும் டாங்க் என்ற ஊரிலும் இருந்த மூன்று படைப்பிரிவுகள் மட்டுமே போரை நடத்தின. 54 நாட்கள் குண்டுவீச்சு. மே 1-ஆம் தேதி பழங்குடித் தலைவர்கள் சமாதானத்துக்கு வந்தார்கள். வரலாற்றில் இதற்குப் ‘பிங்கின் போர்’ என்றே பெயர். பிரிட்டிஷ் விமானப்படை அதிகாரி ஒருவரின் பெயரால் வழங்கும் போர் இது ஒன்றுதான்.

பறந்தவை மரச்சட்டத்தின் மேல் துணி போர்த்திய விமானங்கள். பிரிஸ்டல் ஃபைட்டர், டி.எச்.9ஏ. இரண்டுமே முதல் உலகப் போர்க் காலத்துச் சரக்கு. மொத்தம் சுமார் 150 டன் குண்டுகளைக் கொட்டினார்கள். பிரிட்டன் இழந்தது ஒரு விமானம், இரண்டு உயிர்கள். மெஹ்சூத்கள் எத்தனை பேர் இறந்தார்கள் என்று எந்தப் பதிவேடும் சொல்லவில்லை. யாரும் எண்ணவில்லை. இந்தத் தொடரை எழுதத் தொடங்கிய நாள் முதல் என்னை விடாமல் துரத்துவது அந்த வெற்றுக் கட்டம்தான்.

இந்தப் போர் எப்படி நடந்தது என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். குண்டுகளின் குறி துப்பாக்கி ஏந்திய ஆட்கள் அல்ல. அவர்கள் முதல் நாளிலேயே குடும்பத்தோடு குகைகளுக்குள் போய்விடுவார்கள் என்று விமானப்படைக்குத் தெரியும். குகையிலிருந்து யாரையும் வெளியே வரவிடாமல் செய்வதுதான் திட்டம். பகலிலும் பறப்பார்கள், இரவிலும் பறப்பார்கள். வயலுக்குப் போக முடியாது. ஆடுகளை மேய்ச்சலுக்கு ஓட்ட முடியாது. விறகு பொறுக்கக்கூட வெளியே வர முடியாது. வீடு இருக்கும், அதில் வாழ முடியாது. இதற்கு ‘வான் முற்றுகை’ என்று பெயர் வைத்தார்கள். கோட்டையைச் சுற்றி வளைத்துப் பட்டினி போடும் பழைய போர்முறையை மேலிருந்து செய்வது.

இதன் சட்ட அடித்தளம் ஏற்கெனவே இருந்தது. 1901-ஆம் ஆண்டின் எல்லைப்புறக் குற்ற ஒழுங்குமுறைச் சட்டப்படி ஒருவன் செய்த குற்றத்துக்கு அவனுடைய குலம் முழுவதையும் தண்டிக்கலாம். அபராதம் போடலாம், வீட்டை இடிக்கலாம், சந்தைக்கு வரும் வழியை அடைக்கலாம். விமானம் அந்தச் சட்டத்துக்கு இறக்கை கட்டிக் கொடுத்தது.

இந்த யோசனை எங்கிருந்து வந்தது? கஜானாவிலிருந்து. 1918 ஏப்ரல் 1-ஆம் தேதிதான் பிரிட்டிஷ் விமானப்படை தனிப் படையாகப் பிறந்தது. போர் முடிந்ததும் அதைக் கலைத்துவிட்டு விமானங்களைத் தரைப்படையும் கடற்படையும் பங்குபோட்டுக்கொள்ளப் பார்த்தன. அதன் தலைவர் ஹ்யூ டிரென்சார்டு தன் படை பிழைக்க ஒரு வேலை தேடினார். 1920-இல் சோமாலிலாந்தில் 12 விமானங்களை வைத்து மூன்றே வாரத்தில் ஒரு கிளர்ச்சியை முடித்துக் காட்டியதைச் சென்ற வாரம் பார்த்தோம். அடுத்த ஆண்டு கெய்ரோ மாநாட்டில் குடியேற்ற நாடுகளின் அமைச்சர் வின்ஸ்டன் சர்ச்சில் இந்தக் கணக்கை ஏற்றார். 1922 அக்டோபரில் இராக் நாட்டின் பாதுகாப்பே விமானப்படையின் கைக்குப் போனது. பட்டாளம் வைத்தால் பெருஞ்செலவு, சில படைப்பிரிவு விமானங்கள் மலிவு. ஒரு நிலத்தில் கால் வைக்காமலே அதை அடக்கி வைக்கலாம் என்ற நம்பிக்கை அரசாங்கங்களுக்குள் வேர்விட்டது இந்தக் கணக்கிலிருந்துதான்.

அப்போதே ஒருவருக்கு மனம் உறுத்தியது. இராக்கில் விமானப்படையின் தலைமைப் பணி அதிகாரியாக 1923-இல் போனவர் லயனல் சார்ல்டன். திவானியா என்ற ஊரின் மருத்துவமனையைப் பார்வையிடப் போனவர், குண்டடிபட்டுக் கிடந்த உள்ளூர் மக்களைக் கண்டார். அவர் கோழையில்லை, உலகப் போரில் பறந்தவர். ஆனாலும் அந்தப் படுக்கைகளைப் பார்த்த பிறகு அந்தப் பதவியில் அவரால் நீடிக்க முடியவில்லை. தன்னை விடுவிக்கும்படி கேட்டு ஊர் திரும்பினார். வான்படை வரலாற்றுப் புத்தகங்கள் பலவற்றில் சார்ல்டனுக்கு ஒரு வரிதான் கிடைக்கிறது. பல பக்கங்கள் கொடுத்திருக்க வேண்டும்.

1933-இல் ஜெனீவா ஆயுதக் குறைப்பு மாநாட்டில் பிரிட்டன் ஒரு வரைவு வைத்தது. வானிலிருந்து குண்டு வீசுவதை உலகம் முழுவதும் தடை செய்யலாம் என்றது. ஆனால் தொலைதூரப் பகுதிகள் சிலவற்றில் காவல் பணிக்காக வீசுவதற்கு விலக்கு வேண்டும் என்றது. லண்டன் மீது குண்டு விழக் கூடாது, வஜீரிஸ்தான் மீது விழலாம் என்பதுதான் இதன் பொருள். மாநாடு தோற்றது. ஏழே ஆண்டுகளில் லண்டன் மீதும் விழுந்தது. இராக்கில் விமானப் பிரிவு ஒன்றுக்குத் தலைமை தாங்கிய ஆர்தர் ஹாரிஸ்தான் பின்னாளில் ஜெர்மன் நகரங்களின் மீதான குண்டுவீச்சை நடத்தினார்.

மிரான்ஷாவுக்கு வருவோம். வடக்கு வஜீரிஸ்தானில் முள்கம்பி சூழ்ந்த ஒரு கோட்டை, பக்கத்தில் ஓடுபாதை. 1928-இல் அங்கே ‘ஷா’ என்ற பெயரில் ஒரு சாதாரண விமானப்படை ஊழியர் எழுத்தர் வேலை பார்த்தார். ஓய்வு நேரத்தில் ஹோமரின் ஒடிஸியை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். அவர்தான் அரேபியப் பாலைவனத்தில் கெரில்லாப் போரை நடத்திப் புகழ்பெற்ற டி.இ. லாரன்ஸ். ஆப்கானிஸ்தானில் கிளர்ச்சி வெடித்ததும் லாரன்ஸ்தான் தூண்டிவிடுகிறார் என்று பத்திரிகைகள் எழுத, 1929 ஜனவரியில் அவரை அவசரமாக அங்கிருந்து கிளப்பினார்கள். விரட்ட விரட்டத் தப்பிக்கும் சிறு படையின் பலத்தை அவரளவு அறிந்தவர் பிரிட்டனில் அன்று வேறு யாரும் இல்லை. அவரைக் கோட்டைக்குள் வைத்துக்கொண்டே விமானப்படை அந்த மலைகள் மீது பறந்துகொண்டிருந்தது.

அந்தப் பலத்தை 1936-இல் மிர்ஸா அலி கான் காட்டினார். இபி என்ற ஊரின் ஃபக்கீர். பன்னூவில் ஓர் இந்துச் சிறுமியின் மதமாற்றமும் திருமணமும் நீதிமன்றம் போய்ப் பெரும் பூசலாக, அந்தக் கொந்தளிப்பில் எழுந்தவர். அடுத்த ஆண்டு சுமார் 40,000 படைவீரர்கள் அவரைத் தேடினார்கள். துண்டறிக்கை வீசி எச்சரித்துவிட்டுக் கிராமம் கிராமமாகக் குண்டு போட்டார்கள். அவருடைய அர்சால் கோட் குகைகளும் நொறுங்கின. ஃபக்கீர் மட்டும் சிக்கவில்லை. 1960-இல் நோயுற்றுத்தான் இறந்தார்.

இடையில் 1947 வந்தது. வெள்ளைக்காரன் போனான், ஃபக்கீர் பாகிஸ்தானையும் ஏற்கவில்லை. புதிய நாட்டின் விமானப்படை பழைய வேலையைத் தொடர்ந்தது. 1949 ஜூனில் கிளர்ச்சிக்காரர்களைத் துரத்திய பாகிஸ்தான் விமானம் எல்லைக்கு அப்பால் ஆப்கானிஸ்தானின் மொகல்காய் என்ற ஊர் மீது குண்டு போட்டது. அந்த ஊர்க்காரர்கள் பலர் இறந்தார்கள். காபூல் கொதித்தது. எல்லைக் கோட்டையே ஏற்க மாட்டோம் என்று அறிவித்தது. இந்த இடத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

2004 ஜூன் மாதம், தெற்கு வஜீரிஸ்தானின் வானா அருகே நெக் முகமது என்ற தளபதியை ஓர் ஏவுகணை கொன்றது. இரண்டு மாதங்களுக்கு முன்புதான் அவருடன் பாகிஸ்தான் ராணுவம் சமாதான ஒப்பந்தம் போட்டிருந்தது. ‘நாங்கள்தான் கொன்றோம்’ என்றது ராணுவம். உண்மையில் அது சி.ஐ.ஏ.வின் பிரிடேட்டர் ட்ரோன். பாகிஸ்தான் மண்ணில் அமெரிக்க ட்ரோன் நடத்திய முதல் தாக்குதல். அடுத்த 14 ஆண்டுகளில் 400-க்கும் மேற்பட்ட தாக்குதல்கள் நடந்தன. பெரும்பாலானவை வஜீரிஸ்தானில். 2010-இல் மட்டும் 100-ஐத் தாண்டியது. இஸ்லாமாபாத் வெளியே கண்டித்தது, உள்ளே பலூசிஸ்தானின் ஷம்சி விமானத் தளத்தைக் கொடுத்து வைத்திருந்தது.

ட்ரோனின் ஆதரவாளர்களுக்கு வலுவான ஒரு வாதம் உண்டு. பிங்க் ஒரு குலத்தையே தண்டித்தார், நாங்கள் பெயர் தெரிந்த ஒருவனை மட்டும் குறிவைக்கிறோம் என்பார்கள். அதற்கு அவர்கள் காட்டும் முதல் உதாரணம் பைத்துல்லா மெஹ்சூத். பாகிஸ்தான் தாலிபான் அமைப்பின் முதல் தலைவர். பெனசீர் புட்டோ கொலையின் சூத்திரதாரி என்று குற்றம் சாட்டப்பட்டவர். அவருடைய தற்கொலைப் படையினர் பாகிஸ்தான் நகரங்களில் கொன்றவர்களுக்குக் கணக்கில்லை. 2009 ஆகஸ்ட் 5 அன்று தெற்கு வஜீரிஸ்தானில் மாமனார் வீட்டு மொட்டை மாடியில் படுத்திருந்தார். சர்க்கரை நோயாளி, கையில் சொட்டு மருந்து ஏறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் மனைவி. மேலே நின்ற ட்ரோனின் கேமராவில் அந்தச் சொட்டு மருந்துக் குழாய்கூடத் தெரிந்ததாம். இரண்டு ஹெல்ஃபயர் ஏவுகணைகள். அவரும் மனைவியும் உட்படப் பலர் இறந்தார்கள்.

ஆனால் அந்த மொட்டை மாடியை அடைய 14 மாதங்களும் 16 ஏவுகணைத் தாக்குதல்களும் ஆகியிருந்தன. அதில் ஒன்று, அதே ஆண்டு ஜூனில் ஓர் இறுதிச் சடங்கின் மீது நடந்தது. பைத்துல்லா அங்கு வருவார் என்று காத்திருந்தார்கள். அவர் தப்பினார். வந்திருந்தவர்கள் பல டஜன் பேர் இறந்தார்கள்.

பெயர் தெரிந்தவன் என்ற நிபந்தனையும் வெகுநாள் நிற்கவில்லை. 2008 முதல், பெயர் தெரியாவிட்டாலும் நடமாட்டத்தை வைத்தே தாக்கலாம் என்று அனுமதி கிடைத்தது. ஆயுதம் ஏந்திய ஆண்கள் கூட்டமாக நின்றால், சந்தேக வீட்டுக்கு வண்டி போய் வந்தால் போதும். வஜீரிஸ்தானில் துப்பாக்கி இல்லாத ஆண் அபூர்வம். கல்யாணத்துக்கும் அதோடுதான் போவான். 2011 மார்ச் 17 அன்று தத்தா கேல் என்ற ஊரில் ஒரு குரோமைட் சுரங்கத் தகராறைத் தீர்க்க ஜிர்கா என்ற ஊர்ப் பஞ்சாயத்து கூடியிருந்தது. ஊர்ப் பெரியவர்கள், அரசாங்கச் சம்பளம் வாங்கும் பழங்குடிக் காவலர்களான காசாதார்கள் என்று வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். கூட்டம் பற்றி உள்ளூர் ராணுவ முகாமுக்கு முன்கூட்டியே சொல்லியும் இருந்தார்கள். ஏவுகணைகள் விழுந்து சுமார் 40 பேர் இறந்தார்கள். மறு ஆண்டு அக்டோபரில் வடக்கு வஜீரிஸ்தானில், அறுபது வயதைத் தாண்டிய ஒரு பாட்டி வயலில் வெண்டைக்காய் பறித்துக்கொண்டிருந்தபோது கொல்லப்பட்டார். அருகில் இருந்த பேரப்பிள்ளைகள் காயம்பட்டார்கள். அந்தப் பிள்ளைகள் 2013-இல் வாஷிங்டன் வரை போய் அமெரிக்க காங்கிரஸ் உறுப்பினர்கள் முன் அதைச் சொன்னார்கள்.

சுற்றி வளைக்காமல் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். வானத்திலிருந்து ஒரு மனிதனைப் பார்க்க முடியும், அவன் யார் என்பதைத் தரைதான் சொல்ல வேண்டும். தரையில் நம்பத்தக்க அதிகாரி, நீதிமன்றம், காவல் நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் விமானம் எவ்வளவு நுட்பமானதாக இருந்தாலும் கடைசியில் கூட்டத்தைத்தான் தண்டிக்கும். 1925-இல் அதுதான் திட்டம். 2011-இல் அது திட்டமில்லாமலே அங்கு வந்து சேர்ந்தது. இதை அமெரிக்கா உணராமலும் இல்லை. அதே 2011-இல் அபோட்டாபாத்தில் பின் லேடன் வீட்டின் மீது குண்டு போடலாம் என்ற யோசனை ஒபாமாவிடம் வந்தது. செத்தது யார் என்று பிறகு உறுதிசெய்ய வழியில்லை என்பது அந்த யோசனை கைவிடப்பட்டதற்கு முக்கியக் காரணம். மே மாதம் ஹெலிகாப்டரில் ஆட்களை அனுப்பினார்கள். ஆளை உறுதியாக அறிய வேண்டிய ஒரு நாளில் அவர்களும் தரையில் கால் வைத்தார்கள்.

பயங்கரவாதிகள் மீது எனக்கு எள்ளளவும் பரிவில்லை. 2014 டிசம்பர் 16 அன்று பெஷாவர் ராணுவப் பள்ளியில் புகுந்து 130-க்கும் மேற்பட்ட மாணவர்களைச் சுட்டுக் கொன்றது இதே தாலிபான் அமைப்புதான். அப்படிப்பட்டவர்களை ஒரு அரசு விட்டுவைக்க முடியாது. ஆனால் தலைவர்களைக் கொல்வது மட்டும் என்ன தந்தது என்று பார்க்க வேண்டும். பைத்துல்லாவுக்குப் பின் ஹக்கீமுல்லா மெஹ்சூத் வந்தார். 2013 நவம்பரில் மிரான்ஷா அருகே ட்ரோன் கொன்றது. அடுத்து ஃபஸ்லுல்லா. 2018-இல் ஆப்கானிஸ்தானின் குனாரில் ட்ரோன் கொன்றது. அடுத்து நூர் வலி மெஹ்சூத். நாற்காலி ஒருநாளும் காலியாக இருக்கவில்லை.

2014 ஜூனில் பாகிஸ்தான் ராணுவம் வடக்கு வஜீரிஸ்தானுக்குள் முழுப்படையோடு இறங்கியது. ஜெட் விமானங்கள் முதலில், தரைப்படை பின்னால். மிரான்ஷா கடைவீதி இடிபாடானது. பத்து லட்சத்தை நெருங்கும் மக்கள் ஊரை விட்டுப் போனார்கள். ஒரு பகுதியினர் எல்லை தாண்டி ஆப்கானிஸ்தானின் கோஸ்ட், பக்டிகா மாகாணங்களில் தஞ்சமடைந்தார்கள். 2018-இல் 1901-ஆம் ஆண்டுச் சட்டம் ஒழிந்தது, பழங்குடிப் பகுதிகள் கைபர் பக்தூன்க்வா மாகாணத்தோடு இணைந்தன. நீதிமன்றமும் போலீஸும் வரும், வளர்ச்சிக்குப் பணம் வரும் என்றார்கள். மத்திய அரசு மாகாணங்களோடு பகிரும் வரி வருவாயில் மூன்று சதவீதம் ஒதுக்கும் வாக்குறுதி நிறைவேறவில்லை. நூறாண்டில் தரையில் ஆட்சி அமைக்கக் கிடைத்த ஆகப்பெரிய வாய்ப்பு அது. அதை நழுவவிட்டதுதான் இந்தக் கதையில் என்னை அதிகம் கோபப்படுத்துகிறது.

காபூலில் ஆப்கன் தாலிபான்கள் ஆட்சிக்கு வந்தபின் பாகிஸ்தான் தாலிபான்கள் அங்கிருந்து மீண்டும் தலையெடுத்தார்கள். 2024 டிசம்பர் 24 இரவு பாகிஸ்தான் விமானங்கள் பக்டிகாவின் பர்மல் பகுதியைத் தாக்கின. பயங்கரவாத முகாம்களை அழித்தோம் என்றது இஸ்லாமாபாத். 46 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும் என்றது காபூல். பர்மலில் இருந்தவர்களில் வஜீரிஸ்தானிலிருந்து ஓடிவந்த அகதிகளும் உண்டு. 2025 அக்டோபர் 9 இரவு காபூல் நகரிலேயே குண்டு வெடித்தது. பாகிஸ்தானின் குறி நூர் வலி மெஹ்சூத் என்று செய்திகள் வந்தன. சில நாட்களில் அவர் உயிரோடு பேசும் வீடியோ வெளியானது. எல்லையில் இரு நாட்டுப் படைகளும் மோதிக்கொண்டன. கத்தாரும் துருக்கியும் இரு தரப்பையும் தோஹாவில் உட்காரவைத்துப் போர்நிறுத்தம் பேசின.

(தொடரும்)