குழாய் நீரும் குடத்து நீரும்

ஒரு நகரத்தின் சரித்திரத்தை அதன் கோட்டைகளையும் துறைமுகத்தையும் கொண்டு எழுதுவதே வழக்கம். சமையலறை மூலையில் இருந்த தண்ணீர்க் குடத்தைக் கொண்டும் அதை எழுதலாம் என்பது என் எண்ணம். கொழும்பு மாநகருக்கு, சிறப்பாக நம்மவர் செறிந்து வாழும் வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும், அப்படியொரு சரித்திரம் உண்டு.

குழாய் வருவதற்கு முன்னர் இந்நகரம் கிணற்றை நம்பியே வாழ்ந்தது. வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளிலே மணலைத் தோண்டினால் நீர் கிடைக்கும். ஆனால் கடலை அண்டிய கிணறு கோடையில் உவர்க்கும். கொட்டாஞ்சேனையின் துன்பம் வேறு. துறைமுகத்தை நம்பி வந்த மக்கள் நெருங்கி வாழ்ந்த பகுதி அது. கிணறும் மலக்குழியும் அருகருகே அமைந்துவிட்டால், கண்ணுக்குத் தெளிவாகத் தோன்றும் நீரே நஞ்சாகிவிடும்.

தெளிந்த நீர் வேறு, தூய நீர் வேறு என்பதை மனிதன் உணர நெடுங்காலம் எடுத்தது. நம் முன்னோர் கலங்கல் நீரைத் தெளிய வைக்கத் தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறத்தில் உரைத்தனர். காதலனைச் சேர்ந்து மனம் தெளிந்த ஒரு பெண்ணுக்கு, இப்படித் தெளிந்த நீரையே உவமையாக்குகிறது கலித்தொகையின் நெய்தற்கலி. சிங்கள மக்களும் இதே கொட்டையை 'இங்கினி' என்று அழைத்து, இதே காரியத்துக்குப் பயன்படுத்தினர். இரண்டு மொழியாருக்கும் பொதுவான அறிவு அது. ஆயினும் தேற்றாங்கொட்டை சேற்றை அடியில் படிய வைக்குமேயன்றி, நோய்க்கிருமிகளை முற்றாக ஒழிக்காது.

அந்தக் குறையை வாந்திபேதி எடுத்துக் காட்டிற்று. 1817இல் வங்காளத்தில் கிளம்பிய கொள்ளைநோய் மறு ஆண்டே இலங்கையை எட்டியது. பின்னர் மன்னாரில் இறங்கித் தோட்டங்களை நோக்கி நடந்த தமிழ்த் தொழிலாளரை அது வழியெங்கும் பலி கொண்டது. 1854இல் லண்டனில் ஜோன் ஸ்னோ என்ற மருத்துவர், ஒரு தெருப் பம்பிலிருந்து எடுத்த நீரே அயலவரைக் கொன்றது என்று காட்டினார். 1884இல் ஜெர்மனிய அறிஞர் ரொபர்ட் கொக் கல்கத்தாவில் ஆராய்ந்து நோயின் கிருமியை உறுதிப்படுத்தினார்.

அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து, 1886இல், லபுகம நீர்த்தேக்கத்தின் நீர் கொழும்புக்கு வந்தது. வக் ஓயாவை மறித்து, மனிதர் குடியிராத காட்டின் நடுவே அமைத்த தேக்கம் அது. மலைநீர் தன் பாரத்தாலேயே இரும்புக் குழாய்களின் வழியே இறங்கி, மாளிகாகந்தை நீர்த்தாங்கியை அடைந்தது. கிணற்றுக் கயிறு ஓய்ந்தது. அதுமட்டுமன்று, வீட்டில் நீரைச் சேமித்துக் காக்கும் பழக்கமும் மெல்ல மெல்ல ஓய்ந்தது. முடுக்கினால் வரும் பொருளை யார்தான் சேர்த்து வைப்பார்?

நகரம் பெருத்தது. 1950களில் கலட்டுவாவ நீர்த்தேக்கம் துணைக்கு வந்தது; 1960களில் அம்பத்தளையில் களனி கங்கையின் நீரை எடுத்துச் சுத்திகரிக்கத் தொடங்கினர். 1975இல் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை பொறுப்பேற்றது. இன்று கொழும்பு குடிக்கும் நீரின் பெரும்பகுதி களனி கங்கையினுடையது. ஒரே கங்கையில் தொங்கும் நகரத்துக்கு அந்தக் கங்கையின் நோய்களெல்லாம் தன் நோய்களே. கடும் வறட்சியில் கடல்நீர் ஆற்றுக்குள் ஏறி வருகிறது. 2016 மே மாதத்திலோ அதே கங்கை பெருக்கெடுத்துக் கொலன்னாவையையும் வெல்லம்பிட்டியையும் மூழ்கடித்தது. சுற்றிலும் வெள்ளம்; குடிக்க ஒரு மிடறு இல்லை.

வெள்ளவத்தையின் மாடிக் குடியிருப்புகளுக்கு இன்னொரு சங்கடம். தெருக் குழாயின் நீர் முதலில் நிலத்தடித் தொட்டியில் விழும். மின்பம்பிதான் அதை மொட்டைமாடித் தாங்கிக்கு ஏற்ற வேண்டும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்சாரம் நின்றபோது, கீழே தண்ணீர் இருந்தும் மேலே குழாய் வறண்டது. ஏழாம் மாடிக்காரர் வாளியோடு படியேறினார்.

ஆனால், நம்மவர் நினைவில் தண்ணீரின் மிகக் கொடிய பாடம் 1983இனுடையது. ஜூலை 24ஆம் திகதி இரவு பொரளையில் மூண்ட வன்செயல், மறுநாள் வெள்ளவத்தையையும் கொட்டாஞ்சேனையையும் சுட்டெரித்தது. ஊரடங்குச் சட்டம் பிறந்தது. உயிர் தப்பியோர் பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரியிலும் இரத்மலானை விமான நிலையத்திலும் ஆயிரக்கணக்கில் தங்கினர். பகலில் மாணவர் கை கழுவவென்று அமைந்த குழாய்கள் குடும்பங்களுக்கு எப்படிப் போதும்? நிறைந்த குடங்களெல்லாம் பூட்டிய வீடுகளிலும் எரிந்த வீடுகளிலும் கிடந்தன. நிறைகுடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓட முடியாது. அவசரகால நீர் என்பது வீட்டில் இருப்பது மட்டுமன்று, கையில் எடுத்துக்கொண்டு போகக் கூடியதுமாகும் என்பதை அந்த ஜூலை சொல்லிச் சென்றது.

இனி, சேமித்த நீர் கெடுவது எங்கே? குழாயிலும் அல்ல, கங்கையிலும் அல்ல. பெரும்பாலும் நம் கையிலேதான். நான் குடியிருந்த கொட்டாஞ்சேனைத் தோட்டமொன்றில் எல்லோருக்கும் ஒரே பொதுக் குழாய். இரவில் நீர் வரும். வாய் அகன்ற பரல்களில் பிடித்து வைப்பார்கள். மறுநாள் முழுவதும் பிள்ளைகள் கோப்பையோடு கையையும் சேர்த்துத் தோய்த்து எடுப்பார்கள். குழாய் நீரிலே கலந்து வரும் குளோரின் திறந்த பாத்திரத்திலிருந்து விரைவில் பறந்துவிடும். அதன் பின்னர் அந்த நீருக்குக் காவல் இல்லை. ஒரு விரல் போதும்.

கல்கத்தாவின் சேரிகளில் செய்து 1986இல் வெளியான ஓர் ஆய்வு இதனைத் தெளிவாக்கிற்று. வாந்திபேதி கண்ட வீடுகளில் சிலருக்குக் குறுகிய கழுத்துடைய மண்கூசாக்களைக் கொடுத்தனர். கை நுழைய முடியாத அந்தக் கூசாவில் நீர் வைத்த வீடுகளில், மற்றவருக்குத் தொற்றுவது ஏறத்தாழ நாலிலொரு பங்காகக் குறைந்தது. 1991இல் பெரு நாட்டில் வாந்திபேதி பரவிய பின்னர், தென்னமெரிக்காவிலும் குறுகிய வாயும் அடியில் திருகு குழாயும் கொண்ட கலன்களையே அறிஞர் பரிந்துரைத்தனர். நம் யாழ்ப்பாணத்து மூக்குப்பேணியை எண்ணிப் பாருங்கள். உதடு படாமல் அண்ணாந்து ஊற்றிக் குடிக்க மூக்கு வைத்த பேணி அது. ஆசாரம் என்று சொல்லி வைத்ததில் சுகாதாரமும் இருந்தது. ஆயினும் அந்த ஆசாரத்தோடு தீட்டும் கலந்திருந்ததை மறைக்க வேண்டியதில்லை. 'எவர் கை' என்று பார்த்தவர்கள் 'கழுவிய கையா' என்று பார்க்கவில்லை.

இன்று நாம் செய்ய வேண்டியது என்ன? ஒருவருக்கு ஒரு நாளைக்குக் குடிக்கவும் சமைக்கவும் சற்றே கழுவவுமாக நான்கு லீற்றர் என்று கணக்கிட்டு, குறைந்தது மூன்று நாளைக்கு வைத்திருத்தல் நலம். ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு அறுபது லீற்றர். அறுபது கிலோ பாரம். அதனாலேதான் ஒரு பகுதியையாவது சிறு போத்தல்களில் வைக்கச் சொல்கிறேன். மண்ணெண்ணெய் அல்லது பூச்சிமருந்து இருந்த கலன் வேண்டவே வேண்டாம். உணவுக்குரிய கலனைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, குழாய் நீரை நேரே நிரப்பி, இறுக மூடி, திகதி எழுதி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை மாற்றுங்கள். வாய் அகன்ற பாத்திரமானால், நீண்ட பிடியுள்ள அகப்பையால் எடுங்கள்.

நீரில் ஐயம் இருந்தால் நம் வானொலி அந்நாளிலிருந்து சொல்லி வரும் கொதித்தாறிய நீரே முதல் மருந்து. தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும். கொதித்த பாத்திரத்திலேயே மூடி ஆற விடுங்கள். எரிவாயு இல்லாத நாளில், மணமும் நிறமும் சேர்க்காத, நூற்றுக்கு ஐந்து ஆறு பங்கு வீரியமுள்ள வெளிற்றும் திரவத்தை லீற்றருக்கு இரண்டு துளி விட்டு, அரை மணி நேரம் பொறுங்கள். கலங்கல் நீரானால் துணியில் வடித்து, நான்கு துளி விடுங்கள்.

மூடியின் அருமையை நுளம்பும் நமக்குக் கற்பித்துவிட்டது. 2017இல் இலங்கையில் ஒரு இலட்சத்து எண்பத்தாறாயிரம் பேருக்கு மேல் டெங்குக் காய்ச்சல் கண்டது. கொழும்பு மாவட்டமே முன்னணியில் நின்றது. தாகத்துக்கு அஞ்சித் திறந்து வைத்த பரலே காய்ச்சலுக்குத் தொட்டிலாகலாம்.

லபுகமையின் குழாய் நம் பாட்டன்மாரைக் கொள்ளைநோயிலிருந்து காத்தது. அந்த நன்றியை நாம் மறக்கலாகாது. ஆனால் குழாய் அரசாங்கத்தின் கையில், கங்கை மழையின் கையில், பம்பி மின்சாரத்தின் கையில். மூடிய ஒரு கலன் நீர் மட்டுமே நம் கையில். அடுத்த வீட்டார் எந்த மொழி பேசினாலும், குழாய் நின்ற நாளில் அவருக்கும் ஒரு போத்தல் கொடுக்கும் அளவுக்கு அது நிறைந்திருக்கட்டும்.