அக்கா வாசித்த மாத நாவல்



வீட்டிலே வாசிப்பை வளர்த்தது பாடப்புத்தகமா, மாத நாவலா? இதுதான் தலைப்பு. எதிரணி அம்மா அழகாப் பேசினாங்க. மாத நாவல் குப்பைன்னு சொன்னாங்க. அந்தக் குப்பையைத்தாங்க நான் பல வருஷமா சேர்த்துக்கிட்டு இருக்கேன்! (சிரிப்பு)

எனக்குச் சொந்த ஊர் கள்ளக்குறிச்சி. அன்னைக்குத் தென்னார்க்காடு, 1993-க்கு அப்புறம் விழுப்புரம், 2019-லே தனி மாவட்டம். எங்க அக்காவை அஞ்சாவதோட நிறுத்தி, கல்வராயன் மலை அடிவாரத்திலே, கச்சிராயபாளையம் பக்கம் கட்டிக் கொடுத்தாங்க. நான் பார்க்கப் போனா, "தம்பி, பஸ் ஸ்டாண்டுக் கடையிலே ராஜேஷ்குமார் வந்திருச்சா?" என்பதுதான் முதல் கேள்வி. எழுத்துக் கூட்டிப் படிச்சவ, கொலைகாரன் யாருன்னு தெரிஞ்சுக்கிற அவசரத்திலே வேகமாப் படிக்கக் கத்துக்கிட்டா! (சிரிப்பு)

ஒருநாள் பாகப் பத்திரத்தை நீட்டி, "கையெழுத்துப் போடும்மா" என்றார்கள். "இருங்க, படிச்சுட்டுப் போடறேன்" என்றாள். படித்தாள். அவளுக்குரிய பங்கு அதிலே இல்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். (கைதட்டல்)

இந்தக் கதைக்கு ஒரு பெரிய வரலாறு உண்டு. வை.மு. கோதைநாயகி அம்மாள் பள்ளிக்கூடமே போகாதவர். தன் முதல் படைப்பை அவர் சொல்லச் சொல்ல, தோழி எழுதினார். அவரே 1925-இல் 'ஜகன்மோகினி' பத்திரிகையை ஏற்று நடத்தி, நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதினார். ஜே.ஆர். ரங்கராஜுவும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் துப்பறியும் கதையைத் திண்ணைக்குக் கொண்டு வந்தார்கள். 1969-இல் 'ராணி முத்து' வந்தது. அப்புறம் ராஜேஷ்குமார், சுபா, பட்டுக்கோட்டை பிரபாகர் என்று பெட்டிக்கடையிலே நாவல்கள் தொங்கின.

அமெரிக்காவிலும் இதே கதைதான். 1896-இல் 'ஆர்கோசி' இதழ் மலிவான மரக்கூழ்க் காகிதத்திலே கதைகளை அச்சடித்தது. அந்தக் கூழுக்குப் பேர்தான் 'பல்ப்'. அந்தக் காகிதத்திலே அமிலம் இருக்கு. மஞ்சளாகும், நொறுங்கும். கரையான் விட்டாலும் காலம் விடாது.

அக்கா இன்னைக்கு இல்லை. அவ டிரங்குப் பெட்டி நாவல்களை வீட்டிலே எடைக்குப் போட்டுட்டாங்க. நான் ஓடிப்போய், பழைய பேப்பர் கடையிலே அதே எடைக்குக் காசு கொடுத்து மீட்டேன். பாதிதான் கிடைச்சது. ஒரு அட்டையிலே அவ கையாலே எழுதின கணக்கு இருக்கு: பால், உப்பு, பஸ் சார்ஜ்.

செட்டிநாட்டுக் கோட்டையூரிலே ரோஜா முத்தையா என்பவர் பெயர்ப்பலகை எழுதிப் பிழைத்தவர். அந்த வருமானத்திலே பழைய புத்தகம், பத்திரிகை, நோட்டீஸ் எல்லாம் சேர்த்தார். 1992-இல் காலமானார். அவர் சேகரிப்பை சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. அதை வைத்தே 1994-இல் சென்னையிலே அவர் பெயரில் ஆராய்ச்சி நூலகம் பிறந்தது. ஊர் குப்பை என்றது. உலகம் தேடி வந்தது. (கைதட்டல்)

பாடப்புத்தகம் எங்க அக்காவை அஞ்சாவதிலே விட்டுட்டுப் போயிடுச்சு. மாத நாவல்தான் கடைசி வரைக்கும் கூட வந்தது. உங்க பரண்மேல ஒரு கட்டு இருந்தா, எடைக்குப் போடறதுக்கு முன்னாடி அட்டையைத் திருப்பிப் பாருங்க. உங்க அம்மா கையெழுத்து இருக்கலாம் என்று கூறி, நல்ல தீர்ப்பு வேண்டி அமர்கிறேன்.