கல்லோயா நீரும் மின்சுற்றும்

ஒரேவகையான இரு மின்குமிழ்களை ஒரு மின்கலத்தோடு தொடராக இணைத்து, இவற்றுள் எது கூடிய ஒளி தரும் என்று கல்முனைப் பகுதி மாணவரிடம் வினவினால், அவருட் பலர் முதலாவது குமிழையே சுட்டுவர். முதற் குமிழ் குடித்தது போக மிஞ்சிய மின்தானே அடுத்ததற்குப் போகும் என்பது அவர் கூறும் நியாயம். விடை தவறு, இரண்டும் ஒரே அளவாகவே ஒளிரும். இத்தவறு உலகெங்கும் மாணவரிடையே காணப்படுவதொன்றே. ஆயினும் இக்கரையோரத்தில் அதற்கு ஒரு வரலாறும் உண்டு. அவ்வரலாற்றை அறியாத ஆசிரியர் சூத்திரத்தை எத்தனை முறை கரும்பலகையில் எழுதினும் பயனில்லை என்பது எம் துணிபு.

கரைவாகுப்பற்று, நிந்தவூர்ப்பற்று, சம்மாந்துறைப்பற்று ஆகியவற்றின் நெல்வயல்களுக்கு நீர் வந்த வழியை முதலில் நோக்குவோம். பட்டிப்பளை ஆறு என நம்மவர் வழங்கிய கல்லோயாவை மறித்து அணை கட்டும் பணி 1949இல் தொடங்கியது. அதே ஆண்டில் கல்லோயா அபிவிருத்திச் சபையும் சட்டத்தால் நிறுவப்பெற்றது. அணையை அமெரிக்காவின் மொரிசன் நூட்சன் நிறுவனம் கட்டியது. சேனநாயக்கா சமுத்திரம் எனப் பெயர்பெற்ற அந்நீர்த்தேக்கத்தின் அடியிலே, இங்கினியாகலையில், ஏறத்தாழ 11 மெகாவாற்று வலுவுடைய நீர்மின் நிலையம் அமைந்தது. கல்முனையிலிருந்து நேர்கோட்டில் அது 40 கிலோமீற்றர் அளவு தொலைவிலுள்ளது. குடியேற்றத்தின் அரசியலும், 1956 ஜூன் மாதத்தில் அப்பள்ளத்தாக்கில் நிகழ்ந்த வன்செயலும் தனிக் கட்டுரைக்குரியன. ஈண்டு நமக்கு வேண்டியது ஒன்றே: இடதுகரை வாய்க்காலின் தலைப்பில் இருந்தோர் வேண்டியமட்டும் நீர் எடுக்க, கடைமடைக்கு நீர் எட்டாமற் போயிற்று. அக்கடைமடை விவசாயிகளுட் பலர் தமிழ் பேசுவோர். 1980ஐ ஒட்டிய ஆண்டுகளிலே கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகமும் அமெரிக்காவின் கோணெல் பல்கலைக்கழகமும் அங்கு விவசாயிகள் அமைப்புகளை உருவாக்க முனைந்தமைக்கு இக்குறையே காரணமாயிற்று. வட்டைவிதானையோடு நீர்முறைக்கு வழக்காடிய தந்தையைக் கண்டு வளர்ந்த பிள்ளை, முதற் குமிழ் குடித்துவிடும் என்று சொல்வதில் வியப்பென்ன?

நீரை வைத்து மின்னை விளக்குவது தவறான முறையன்று. 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பெஞ்சமின் பிராங்கிளின் மின்னை ஒரு பாய்மமாகவே கருதினார். 1800இல் வோல்ற்றா தம் மின்கலவடுக்கை வெளிப்படுத்திய பின்னரே இடைவிடாத ஓட்டம் ஆய்வாளர் கைக்கு எட்டியது. 1827இல் ஓம் தம் கோட்பாட்டை வெளியிட்டபோது, பொருள்களினூடாக வெப்பம் கடத்தப்படுவதையே அவர் ஒப்புமையாகக் கொண்டார். ஆசான்களே ஊன்றுகோல் பிடித்து நடந்த வழி இது. குளத்து நீர்மட்டத்துக்கும் வயல் மட்டத்துக்கும் உள்ள உயர வேறுபாட்டை அழுத்தவேறுபாடு எனவும், வாய்க்காலில் ஒரு செக்கனிற் கடக்கும் நீரை ஓட்டம் எனவும், புல் மண்டிய ஒடுங்கிய வாய்க்காலைத் தடை எனவும் காட்டலாம். உவோற்று, அம்பியர், ஓம் மூன்றும் அப்பொழுதே மாணவர் மனத்திற் குடிகொள்ளும்.

ஆனால் ஒப்புமை முறியும் இடத்தைக் காட்டாமல் விடுவதே கேடு. மதகைத் திறந்தால் நீர் வயலுக்குச் செல்லும். திரும்பிக் குளத்துக்கு வாராது. மின்னோட்டமோ மின்கலத்தின் ஒரு முனையிற் புறப்பட்டு மறுமுனைக்கு மீண்டால் மட்டுமே நிகழும். வழியில் எங்கு அறுந்தாலும் எங்கும் ஓட்டமில்லை. குமிழுக்கு முன்னொன்றும் பின்னொன்றுமாக இரு அம்பியர்மானிகளை இணைத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே அளவையே காட்டும். குமிழ் ஓட்டத்தைக் குடிக்கவில்லை. அதிற் செலவாவது சக்தி. மின்சார சபை பட்டியலிற் கணக்கிடும் அலகும் கிலோவாற்று மணியாகிய சக்தியே. ‘மின் பாவனை’ என்னும் வழக்கு இதனை மறைத்துவிடுகின்றது.

காந்தவியலின் கதை வேறொரு வழியில் இக்கரையைத் தொடுகின்றது. 1282இல் பைலக் அல் கிப்ஜாக்கி என்பார், இந்து சமுத்திரத்திற் செல்லும் மாலுமிகள் இரும்பாலான பொள்ளல் மீனொன்றை நீரில் மிதக்கவிட்டுத் திசை காண்பர் என எழுதினார். அதனை அடுத்த ஆண்டுகளில் யெமன் நாட்டுச் சுல்தான் அல் அஷ்ரப், காந்த ஊசியால் கிப்லாத் திசையை அறியும் முறையை விளக்கினார். முஸ்லிம் ஊர்களின் மாணவர்க்கு, பாடப்புத்தகத்துச் சட்டக் காந்தத்திலும் இவ்வூசியே அண்மையானது. அதே ஊசியைத்தான் 1820இல் கோப்பன்ஹேகனில் ஏர்ஸ்டெட் மின்னோடும் கம்பியருகே வைத்தார், ஊசி திரும்பிற்று. மின்னோட்டம் காந்த விளைவு தரும் என்பது அன்று தெளிவாயிற்று. காந்தம் மின்னோட்டம் தருமா என்ற மறுதலை வினாவுக்கு 1831இல் மைக்கேல் பரடே விடை கண்டார். காந்தம் சுருளருகே சும்மா கிடந்தால் ஒன்றும் நிகழாது. அசைந்தால் மட்டுமே ஓட்டம் தூண்டப்படும். இங்கினியாகலையில் நீர் சுழலியைச் சுழற்றுவது அவ்வசைவுக்காகவே.

அங்கு பிறக்கும் மின்னைக் கரையோரத்துக்குக் கொணர்வதற்கும் பரடேயின் தூண்டலே துணை. ஓர் எளிய கணக்கை நோக்குக. 11 மெகாவாற்றை 230 உவோற்றில் அனுப்பினால் ஏறத்தாழ 48,000 அம்பியர் ஓட்டம் வேண்டும். 33,000 உவோற்றில் அனுப்பினால் 333 அம்பியர் போதும். கம்பியில் வெப்பமாய் வீணாகும் வலு ஓட்டத்தின் வர்க்கத்துக்கு விகிதசமமாதலின், அதே கம்பியில் முன்னைய வீண் பின்னையதினும் 20,000 மடங்குக்கு மேலாகும். அழுத்தத்தை உயர்த்தவும் தாழ்த்தவும் நிலைமாற்றி வேண்டும். அது ஆடலோட்டத்தில் மட்டுமே தொழிற்படும். மாறாத ஓட்டம், அசையாத காந்தத்தைப் போன்றதே.

இவற்றையெல்லாம் தமிழிற் சொல்ல இயலும் என்பதை நாம் இன்று இயல்பாகக் கொள்கிறோம். கல்முனைக்கு அடுத்த காரைதீவில் 1892இற் பிறந்த விபுலாநந்த அடிகளை யாழ்நூலின் ஆசிரியராகவே பெரும்பாலோர் அறிவர். அவர் 1916இல் கொழும்புத் தொழினுட்பக் கல்லூரியில் விஞ்ஞான டிப்ளோமாவும், 1920இல் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டமும் பெற்ற விஞ்ஞான ஆசிரியர். 1936இல் சென்னையிற் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்கு அவரே தலைமை தாங்கினார். பின்னர் இலங்கையில் அரசகரும மொழித் திணைக்களம் தனியே சொற்றொகுதிகளை வெளியிட்டது. நாம் பௌதிகவியல், சக்தி, நிலைமாற்றி என்பவற்றைத் தமிழகத்தார் இயற்பியல், ஆற்றல், மின்மாற்றி என்பர். இப்பிரிவு வருந்தத்தக்கதே, அங்கு அச்சாகும் நல்ல நூல்கள் நம் மாணவர்க்குப் பாதியே பயன்படுகின்றன.

ஆயினும் ‘சுற்று’ என்னும் சொல் இரு நாட்டுக்கும் பொது. புறப்பட்ட இடத்துக்கே மீளுதல் என்னும் பொருளை அது தன்னுள்ளே வைத்திருக்கின்றது. ‘ஓட்டம்’ என்பது மாணவனை மீண்டும் வாய்க்காலுக்கு இழுக்கும். ‘சுற்று’ அவனை அங்கிருந்து மீட்கும். பாடசாலையில் இச்சொற்களோடு உயர்தரம் முடித்துச் சம்மாந்துறையிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகப் பிரயோக விஞ்ஞான பீடத்துக்குச் செல்பவன் அங்கு ஆங்கிலத்திற் கற்கிறான். அவன் அங்கு ஓமின் விதியை மீளக் கேட்கும்போது, முதற் குமிழ் குடித்துவிடும் என்ற பழைய எண்ணம் இன்னும் அவனுள்ளே இருக்கிறதா என்று விரிவுரையாளர் ஒருமுறை வினவிப் பார்க்கலாம், தமிழிலேயே வினவலாம்.