பொன்னில் பூத்த பூக்கள்

கொங்கு நாட்டுப் பொன் எங்கெல்லாம் போனது என்று தேடினால், முதலில் கண்ணில் படுவது தில்லைச் சிற்றம்பலம். முதலாம் ஆதித்த சோழன் (871–907) கொங்கிலிருந்து கொண்டுவந்த பொன்னால் அதன் கூரையை வேய்ந்ததாக நம்பியாண்டார் நம்பி பாடியிருக்கிறார். நம் கொங்கு நாட்டுப் பேரூரிலும் ஒரு கனகசபை உண்டு. அழகாத்ரி நாயக்கர் 17-ம் நூற்றாண்டில் கட்டியது. ‘மேலைச் சிதம்பரம்’ என்று ஊர் போற்றப்படுவதும் அங்கே ஆடும் நடராசரால்தான்.

கூரை ஏறிய பொன், படத்துக்குள் இறங்கியதைப் பார்க்கத் தஞ்சைக்குப் போக வேண்டும். மராட்டியர் காலத்தில், குறிப்பாக இரண்டாம் சரபோஜி (1798–1832) நாளில், அங்கே தங்க ஓவியம் செழித்தது. பலாப் பலகையில் துணி ஒட்டி, வெள்ளைப் பூச்சு பூசி, படம் வரைவார்கள். நகையும் மாலையும் வரும் இடத்தில் சுண்ணாம்புப் பொடியும் கோந்தும் குழைத்த மக்கை வைத்துப் புடைப்பாக எழுப்புவார்கள். கல் பதித்து, மேலே தங்க ரேக்கு ஒட்டுவார்கள். கிருஷ்ணர் கழுத்து மாலையைக் கிட்டத்தில் பாருங்கள். ஒவ்வொரு பூவும் சின்ன மேடு. விளக்குச் சுடர் அசைய, ஒரு பக்கம் மின்னும். மறுபக்கம் நிழல் விழும்.

ஜப்பானியர்கள் இதற்கு நேரெதிர் வழியில் போனார்கள். 16-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில், கோட்டைகளின் வெளிச்சம் குறைந்த கூடங்களில் தங்க ரேக்கு ஒட்டிய மடிப்புத் திரைகளை நிறுத்தினார்கள். அந்த மரபில் வந்தவர் ஒகாட்டா கோரின். 18-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் வரைந்த ஐரிஸ் பூக்கள், தோக்கியோவின் நெசு அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஆறு மடிப்புகள் கொண்ட இரண்டு திரைகள். நீலப் பூ, பச்சை இலை, அவ்வளவுதான். தண்ணீரும் இல்லை, கரையும் இல்லை. சுற்றிலும் பொன்.

அங்கே பொன் பின்புலம், பூ வண்ணம். இங்கே பின்புலம் வண்ணம், பூவே பொன். ஆனாலும் நோக்கம் ஒன்று: மங்கிய அறைக்கு வெளிச்சம் கூட்டுவது. செல்வத்தைக் காட்ட மட்டுமே பொன் பூசினார்கள் என்பது பாதி உண்மைதான்.

உங்கள் வீட்டுப் பூஜையறையில் பழைய தஞ்சாவூர்ப் படம் இருந்தால், ஈரத்துணியால் துடைக்காதீர்கள், மக்கு கரைந்துவிடும். பழசு என்று விற்றுவிடவும் வேண்டாம். ஒரு நாள் மாலை டியூப்லைட்டை அணைத்துவிட்டு, நல்லெண்ணெய் விளக்கில் அதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அந்த வெளிச்சத்துக்காகத்தான் அதைச் செய்தார்கள்.