கைநாட்டும் கையொப்பமும்: கிள்ளான் தோட்டங்களிலிருந்து பட்டாளத்துக்குச் சென்றோரைத் தேடுதல்

கிள்ளான் வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்களில் போர்க்காலத்தைப் பற்றி விசாரித்தால் இருவகை மறுமொழி கிடைக்கும். ஒரு வீட்டில் "தாத்தாவைச் சயாமுக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள்" என்பர். மற்றொரு வீட்டில் "தாத்தா பட்டாளத்துக்குப் போனார்" என்பர். சயாம் மரண இரயில் பாதையைப் பற்றிக் கதையாகவும் ஆய்வாகவும் ஓரளவு எழுதப்பட்டுவிட்டது. பட்டாளத்துக்குப் போனவர் எந்தப் பெயரில் போனார், எங்கே மடிந்தார் என்னும் வினாக்களோ பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே தங்கிவிட்டன. அவற்றுக்கு விடை தேடும் வழிகளையும், அத்தேடலில் தமிழ் எழுத்து செய்யக்கூடிய பணியையும் இப்பொழிவில் எடுத்துரைக்க விரும்புகிறோம்.

முதலில் எந்தப் பட்டாளம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். மலாயாவைக் காக்க இந்தியாவிலிருந்து அனுப்பப்பட்ட பிரிட்டிஷ் இந்தியப் படை ஒன்று. 1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தபோது சரணடைந்தது அப்படையே. சரணடைந்த வீரர்களுள் ஒரு பகுதியினரைக் கொண்டு மோகன் சிங் தலைமையில் தொடங்கப்பெற்ற இந்திய தேசிய இராணுவம் மற்றொன்று. 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூருக்கு வந்து பொறுப்பேற்ற பின்னரே இதில் தோட்டத் தொழிலாளர்கள் பெருமளவில் சேர்ந்தனர். கிள்ளான் குடும்பங்கள் சொல்லும் பட்டாளம் பெரும்பாலும் இதுதான்.

அவர்கள் சேர்ந்ததற்குக் காரணங்கள் பல. இரப்பர் ஏற்றுமதி நின்று தோட்டங்களில் பசி தலைவிரித்தாடியது. சயாமுக்கு ஆள் பிடிப்போரிடமிருந்து தப்பப் பலருக்குப் பட்டாளமே புகலிடமாயிற்று. ஆயினும் பசியையும் அச்சத்தையும் மட்டும் சொல்லி நிறுத்துவது அவர்களுக்கு நியாயம் செய்வதாகாது. 1941ஆம் ஆண்டின் முற்பகுதியில் இதே கிள்ளான் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் நடந்தது. சீனத் தொழிலாளருக்கு இணையான கூலியோடு, வெள்ளைக்காரத் துரையைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்கும் வழக்கத்துக்கு முடிவும் கேட்கப்பட்டது. கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் ஆர். எச். நாதன் மே மாதத்தில் கைது செய்யப்பட்டு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். கிளர்ச்சியை அடக்க இராணுவம் வந்தது. அடுத்த ஆண்டுகளில் துப்பாக்கி ஏந்தக் கைநீட்டிய இளைஞருள் இந்த நினைவைச் சுமந்தவர்கள் இருந்தனர் என்பதில் நமக்கு ஐயமில்லை.

இவ்விரு படைகளும் விட்டுச்சென்ற ஆவணங்களில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு உண்டு. பிரிட்டிஷ் இந்தியப் படை வீரருக்கு எண் உண்டு. போரில் மடிந்தோரைப் பதிவு செய்யும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் குறிப்புகளில் வீரரின் எண், படைப்பிரிவு, இறந்த நாள் ஆகியவற்றோடு தந்தை பெயரும் ஊரும் மாவட்டமும் பல இடங்களில் காணப்படும். சிங்கப்பூர் கிராஞ்சியில் உள்ள நினைவுச் சுவர்களில், கல்லறை அறியப்படாத 24,000க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அவற்றுள் தமிழ்ப் பெயர்களும் உள்ளன. தேடுவோர் திருநெல்வேலியைத் 'தின்னவெல்லி' என்றும், இராமநாதபுரத்தை 'ராம்நாட்' என்றும், திருச்சிராப்பள்ளியை 'ட்ரிச்சினாபொலி' என்றும் அக்கால ஆங்கிலேயர் எழுதிய வண்ணமே தேட வேண்டும், அவ்வளவே. முதல் உலகப் போரில் பஞ்சாபிலிருந்து சென்ற ஏறத்தாழ 3,20,000 பேரின் பதிவேடுகள் இலாகூர் அருங்காட்சியகத்தில் நெடுங்காலம் கிடந்து, 2021இல் பொதுமக்கள் பார்வைக்கு வரத் தொடங்கின. ஊர்வாரியாக எழுதப்பட்ட அப்பதிவேடுகளைக் காணும்போது நமக்குப் பொறாமையே எழுகிறது.

கிள்ளானிலிருந்து போனவருக்கு அத்தகைய ஏடு இல்லை. இந்திய தேசிய இராணுவத்தின் தாள்கள் பல போர் முடிவில் அழிக்கப்பட்டன. 1945 நவம்பரில் செங்கோட்டையில் தொடங்கிய விசாரணைகள் பிரிட்டிஷ் இந்தியப் படையிலிருந்து வந்தவர்களைப் பற்றியவை. தோட்டத்திலிருந்து சேர்ந்தவர் அரசரிடம் விசுவாசப் பிரமாணம் செய்தவரல்லர். ஆகவே பிரமாணத்தை மீறிய குற்றமும் அவருக்கில்லை. குற்றமில்லாதவரைப் பட்டியலிட எந்த அரசுக்கும் தேவை எழவில்லை. காமன்வெல்த் கல்வெட்டுகளிலும் அவருக்கு இடமில்லை.

எஞ்சியவை சிறு தாள்கள்: இந்திய சுதந்திரச் சங்கத்தின் உறுப்பினர் அட்டை, நன்கொடைச் சீட்டு, புகைப்படத்தின் பின்புறம், தோட்டத்துச் செக்ரோல் புத்தகம். இந்திய அரசு 1972இல் விடுதலைப் போராட்ட வீரர்களுக்கு ஓய்வூதியம் வழங்கத் தொடங்கியபோது தமிழகம் திரும்பியிருந்த வீரர் பலர் விண்ணப்பித்தனர். சிறை ஆவணம் இல்லாதவர் உடனிருந்த ஒருவரிடம் சான்று பெறலாம் என்பது விதி. ஆகவே ஒருவருடைய கோப்பில் இன்னொருவருடைய கையொப்பம் நிற்கும். தேடுவோர்க்கு இந்தச் சாட்சிக் கையொப்பம் விண்ணப்பத்தைவிடப் பயன் தரும். யார் யாரோடு இருந்தார் என்பதை அது காட்டிவிடுகிறது.

இனிப் பெயருக்கு வருவோம். தமிழருக்குக் குடும்பப் பெயர் இல்லை; தந்தை பெயரின் முதலெழுத்தே அடையாளம். அம்முதலெழுத்து ஆங்கிலத்துக்குப் போகும்போது உயிர் நீங்கி வெறும் மெய்யாகிவிடுகிறது. வீரப்பன் மகன் இராமசாமியும், வேலு மகன் இராமசாமியும், வைத்தி மகன் இராமசாமியும் ஆங்கிலப் பட்டியலில் 'வி. ராமசாமி' என்னும் ஒரே ஆளாகிவிடுவர். மறுபுறம், இலட்சுமணன் என்ற ஒருவரே ஓர் ஏட்டில் 'லட்சுமணன்' ஆகவும், மலாயா வழக்கப்படி மற்றோர் ஏட்டில் 'லெட்சுமணன்' ஆகவும் பிரிந்து இருவராகிவிடுவார். இந்திய தேசிய இராணுவத்தில் இந்துஸ்தானி மொழி உரோமன் எழுத்தில் வழங்கியது. வடநாட்டு எழுத்தர் ஒருவர் காதால் கேட்டு எழுதிய தமிழ்ப் பெயர் என்ன பாடுபட்டிருக்கும் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

தமிழில் இட்ட கையொப்பம் இந்த இழப்பை ஈடு செய்கிறது. 'வே. இராமசாமி' என்று எழுதியவரின் தந்தை வீரப்பன் அல்லர் என்பது அக்கணமே தெளிவாகும். தோட்டத்து இளைஞருக்குக் கையொப்பமிடத் தெரியுமா என்று கேட்கலாம். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. தகரக் கொட்டகையில், சிலவிடங்களில் கிராணியே ஆசிரியராக நடத்திய அப்பள்ளிகளைப் பலர் குறைகூறியுள்ளனர், குறை மெய்யே. எனினும் தன் பெயரைத் தானே எழுதும் ஒரு தலைமுறை அங்கிருந்து வந்தது.

இக்கையொப்பங்களை இன்றைய இளையோர் படிக்கத் தடுமாறுவதை நாம் காண்கிறோம். 'அண்ணாமலை' என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். பழைய எழுத்தில் ணாவுக்குத் தனிக் கால் இல்லை. ணகரத்தின் முடிவே கீழே சுழிந்து வளையும். லைக்கு முன்னால் இரட்டைச் சுழிக் கொம்பு இல்லை. எழுத்தின் தலையில் யானைத் துதிக்கை போல ஒரு வளைவு ஏறும். புள்ளி வைக்காமல் எழுதியோரும் உண்டு. தமிழ்நாட்டில் 1978இல் அரசாணையால் வந்து பின்னர் இந்நாட்டிலும் பரவிய சீர்திருத்த எழுத்தில் மட்டுமே பயின்ற கண்ணுக்கு அந்தப் பெயர் வேறொன்றாகத் தோன்றும்.

சீர்திருத்த வடிவத்தில் கையொப்பம் இருப்பதாலேயே அந்தத் தாள் பிற்காலத்தது, போலியானது என்று தள்ளிவிடவும் கூடாது. பெரியார் 1935இலேயே குடிஅரசு இதழில் அவ்வெழுத்துகளைக் கையாளத் தொடங்கினார். 1929 இறுதியில் அவர் மலாயாவுக்கு வந்தபின் சுயமரியாதைக் கருத்துகள் இங்கும் வேரூன்றியிருந்தன. 1943ஆம் ஆண்டுச் சீட்டில் கால் போட்ட ணா ஒன்று தென்பட்டால், அவர் என்ன படித்தார், யாரோடு பழகினார் என்று வினவ ஒரு வாயில் திறக்கிறது. அதற்கு மேல் அந்த ஓர் எழுத்தைக் கொண்டு கோட்டை கட்டலாகாது.

கைநாட்டு வேறு வகை. பெருவிரல் ரேகை உடலுக்கு உரியது. ஆனால் ஒப்பிட மற்றொரு ரேகை கிடைத்தாலன்றி அது வாய் திறவாது. அதன் அருகே பெயரை எழுதிய கை கிராணியுடையது. ஆகவே கைநாட்டுள்ள ஏட்டில் நாம் தேடுவது கிராணியின் கையெழுத்தையே. ஒரே கிராணி எழுதிய பக்கங்களைச் சேர்த்து வைத்தால், அவர் எப்பெயரை எவ்வாறு எழுதுவார் என்பது பிடிபடும். ஓரிடத்தில் மங்கிய பெயரை மற்றோரிடத்தில் கொண்டு நிரப்பலாம். செக்ரோலில் ஒரு பெயருக்கு எதிரே வேலை நாள்கள் நின்றுபோன மாதமும் ஒரு சான்றே. எனினும் அது அவர் தோட்டத்தில் இல்லை என்பதை மட்டும் சொல்லும்; பட்டாளத்துக்குப் போனாரா, சயாமுக்குப் போனாரா, காய்ச்சலில் மாண்டாரா என்பதைச் சொல்லாது.

இங்கேதான் நாம் மிகவும் தயங்குகிறோம். தேடி வரும் பேரன் ஒரு பெயரையாவது கையில் கொண்டு வீடு திரும்ப விரும்புகிறான். கிராஞ்சிச் சுவரில் பெயர் ஒத்திருக்கிறது, தந்தை பெயரும் ஒத்திருக்கிறது. ஆனால் படையெண் 1941க்கு முன்னரே இந்தியாவில் சேர்ந்தவருடையது. அவர் வேறொரு வீட்டின் மகன். அந்தப் பெயரைக் கொடுத்துவிட்டால், இந்த வீட்டில் ஏற்றும் விளக்கு இன்னொருவருக்காக எரியும். ஆகவே பெயர், தந்தையின் முதலெழுத்து, தோட்டம் அல்லது ஊர் ஆகிய மூன்றும் தனித்தனியான இரு தாள்களில் ஒத்து நின்றாலன்றி நாம் உறுதி சொல்வதில்லை. இதனால் வருத்தத்தோடு சென்றவர்கள் உண்டு.

இப்பொழிவைக் கேட்போர் வீடுகளில் அத்தகைய தாள் இருக்குமாயின் அதற்குப் பிளாஸ்டிக் உறை ஒட்டவேண்டா; மங்கிய எழுத்தின் மேல் பேனாவால் திரும்ப எழுதவும் வேண்டா. இருபுறத்தையும் படியெடுங்கள். பின்புறத்தில் எண்ணெய்க் கறையோடு கிடக்கும் கணக்கும் விலாசமும் கூடப் பயன்படும். தாளை யார் வைத்திருந்தார், அவர் என்ன சொன்னார் என்பதைத் தனித்தாளில் தமிழிலேயே எழுதி உடன் வையுங்கள். தந்தை பெயரின் முதலெழுத்தை உயிரோடு சேர்த்து எழுதுங்கள்.